குடும்பத்தில் யாருக்கும் இல்லை

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் வந்த வினைதான் இது. கோயம்புத்தூரில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் லேப் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, பெரிய டாக்டர் நான் எழுதிய ரிப்போர்ட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இனிமே ஃபாரமெல்லாம் இந்தம்மாவே எழுதட்டும்” என்று சொல்லிவிட்டார். ரத்தம் எடுப்பது, சோதனைக் குழாயில் மூத்திரத்தைக் காய்ச்சி நிறம் பார்ப்பது, இவற்றோடு வருகிறவர்களைக் கேள்வி கேட்டு ஃபாரம் நிரப்புவதும் என் தலையில் விழுந்தது. அந்த ஃபாரத்தில் ஏழாவது கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா?

தொண்ணூறுகளில் பாதியை நான் அந்த ஏழாவது கேள்வியோடுதான் கழித்தேன். என் வீட்டுக்காரருடைய வலது கண் போனதும் அதனால்தான். கேள்வியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு நான் எழுதிய பதிலால் போனது.

அப்போது மதுக்கரைப் பக்கம் குடியிருந்தோம். காலையில் துணி உலர்த்தினால் சாயங்காலம் சிமெண்டு ஆலைத் தூசியோடு எடுக்க வேண்டும். இரண்டு பஸ் பிடித்து ஏழு மணிக்குக் கிளினிக்குக்குள் நுழைந்தால், வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் என்னையே முறைப்பார்கள். அவர்கள் காப்பி குடிக்காததற்கு நான்தான் காரணம் என்கிற மாதிரி. ஒருவருக்கு நரம்பு கிடைக்காது. ஒருவர் மூத்திரப் பாட்டிலை மூடாமல் கொண்டுவந்து என் மேஜையில் சிந்துவார். “ஏனுங், நேத்துக் கல்யாணத்துல ஒரே ஒரு லட்டு தானுங் தின்னேன், அதுக்கா இத்தனை காட்டுது?” என்று ஒருவர் சண்டைக்கு வருவார். மாலையில் வீடு திரும்பும்போது எனக்கு மனித முகத்தையே பார்க்கப் பிடிக்காது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் பம்ப் மோட்டார் செய்கிற பட்டறை ஒன்றில் லேத் டர்னர். வெர்னியர் அளவுகோலில் கோடு பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் வெர்னியரை எடுக்கும் முன்பே கண்ணால் சொல்லிவிடுவார். பேச்சு குறைவு. கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் சும்மா இருப்பார். அவர் எனக்குச் சொந்த அத்தை மகன், அதாவது என் அப்பாவின் அக்கா பையன். அவருக்கு ஏழு வயதில் சோளக்காட்டில் பாம்பு கடித்து என் அத்தை இறந்துபோனார். அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூடம் போனது, வளர்ந்தது எல்லாம் காங்கேயம் பக்கத்தில் எங்கள் வீட்டில்தான். பிறகு அவரையே எனக்குக் கட்டி வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அது ஒரு செய்தியே அல்ல. எங்களுக்கு ஒரே பெண்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய பட்டறையில் எங்கள் கிளினிக் ஒரு முகாம் நடத்தியது. மெஷின்களை நிறுத்திவிட்டுத் தொழிலாளர்கள் எல்லாரும் எண்ணெய்க் கையோடு வரிசையில் வந்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தேன். அவர் முறை வந்தது. பெண்டாட்டி முன்னால் உட்காருவதற்கு அவருக்கு ஒரே வெட்கம், பின்னால் நின்றவர்கள் வேறு கேலி செய்தார்கள். நான் தலையைத் தூக்காமல் எழுதினேன். பெயர், வயது, வேலை, எல்லாம் எனக்குத் தெரியாததா? ஏழாவது கேள்வி வந்தது. அவருடைய அப்பா எழுபது வயதிலும் இரண்டு வேளையும் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போனவர். பெரியப்பா, சித்தப்பா யாருக்கும் ஒன்றும் கிடையாது. ‘இல்லை’ என்று எழுதினேன். அழகான எழுத்து. கொஞ்சம் கழித்துக் கூட்டம் குறைந்ததும் எனக்கும் ஒரு ஃபாரம் எழுதிக்கொண்டேன். ஊழியர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு.

அவருடைய ரத்தத்தில் சர்க்கரை ஓரத்தில் நின்றது. வரம்பைத் தாண்டவில்லை, ஆனால் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் ஃபாரத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். ஒல்லி உடம்பு, நாற்பது ஆகவில்லை, குடும்பத்தில் யாருக்கும் இல்லை. “பயப்பட ஒண்ணுமில்லைங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஒருக்கா பாத்துக்கலாம்” என்றார். குடும்பத்தில் உண்டு என்று எழுதியிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வரச் சொல்லியிருப்பார். அதே வரிசையில் ‘உண்டு’ என்று சொன்னவர்களுக்கு அப்படித்தான் சொன்னார். இரண்டு வருஷம் நாலு வருஷமாகப் போயிற்று. யாரும் நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்த வேண்டியவள் நான்தான்.

அந்த நாலாவது வருஷம் சென்னையிலிருந்து ஒரு லேடி டாக்டர் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். என்னைவிடச் சின்னவர். ஒரு குடும்பத்தில் இந்த நோய் எப்படி இறங்குகிறது, ஜீன்களில் ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம், அந்த வித்தியாசம் யாருக்கு ஆபத்தைக் கூட்டுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். பழைய ஃபாரங்களை வைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வம்ச மரம் வரையச் சொன்னார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சர்க்கரை இருந்தால் உள்ளே கறுப்பு. கையெழுத்து நன்றாக இருப்பவளுக்குப் படமும் நன்றாக வரும் என்று அதையும் என்னிடமே கொடுத்தார்கள். ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்து கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏம்மா, உங்க ஊர்ல அம்மாக்களுக்கெல்லாம் சொந்தக்காரங்களே கிடையாதா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாங்கிப் பார்த்தேன். எல்லா மரமும் ஒரு பக்கம்தான் வளர்ந்திருந்தது. அப்பா, அப்பாவின் அப்பா, பெரியப்பா, சித்தப்பா. அம்மா ஒரு வட்டமாக ஓரத்தில் நின்றாள். அவளுக்கு மேலே ஒன்றுமில்லை. வானத்திலிருந்து விழுந்தவள் மாதிரி.

யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் குடும்பம் என்றால் பங்காளி. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற ஆண்வழிச் சொந்தம். அம்மா பிறந்த வீட்டார் மாமன் மச்சான் முறை. அவர்களுக்கு மரியாதை உண்டு, சீர் உண்டு, பெண் கொடுத்து எடுப்பது உண்டு. ஆனால் நம்ம குடும்பம் என்று வாயில் வராது. யார் செத்தால் நமக்கு முழுத் தீட்டோ அவர்கள்தான் குடும்பம். ஏழாவது கேள்விக்கு ஜனங்கள் அந்தக் கணக்கிலேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நாளைக்கு நாலு தரம் சொல்கிற ஜனம். கேட்டு எழுதிய நானும் அதே ஊர்க்காரிதான். எனக்கும் அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

லேடி டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இது ஏதோ ஒரே ஒரு ஜீனால வர்றது இல்லம்மா. நிறைய ஜீன்ல சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும்னு நினைக்கிறோம். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா ஆபத்தைக் கூட்டும். பாதி அப்பாகிட்டேருந்து வருது, பாதி அம்மாகிட்டேருந்து வருது. பாதியை விட்டுட்டா நான் எதைக் கண்டுபிடிக்கிறது?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைச் சுமந்துகொண்டு வெயிலில் அலைய வேண்டியவள் நான் என்பதுதான் எரிச்சல்.

வாரத்தில் மூன்று நாள் பஸ். பெருந்துறை, காங்கேயம், நடுவில் பெயர்ப் பலகைகூட இல்லாத நிறுத்தங்கள். கிளினிக்குக்கு வந்துபோன பழைய நோயாளிகளின் வீடுகளைத் தேடிப் போய் மறுபடி கேட்டேன். இந்த முறை கேள்வியை மாற்றிக்கொண்டேன். “உங்கம்மா பொறந்த ஊட்டுல யாருக்காச்சும் சக்கரை இருந்துச்சுங்களா?” அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி கொட்டினார்கள். நான் பையிலிருந்து பென்சிலை எடுத்து வட்டங்களையும் சதுரங்களையும் கறுப்பாக்கிக்கொண்டே இருந்தேன்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி. காளை வளர்க்கிறவர். எங்கள் ஃபாரத்தில் அவர் குடும்பம் சுத்தபத்தமாக இருந்தது. மாற்றிக் கேட்டதும், அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்கு இருந்தது, பெரிய மாமனுக்கு இருந்தது, சின்னம்மாவுக்குக் கண் தெரியாமல் போனது என்று அடுக்கினார்.

“இதையெல்லாம் ஏனுங்க மொதல்லயே சொல்லலை?”

“நீங்க எங்க குடும்பத்தைத்தானுங்க கேட்டீங்க?”

எனக்குக் காலையிலிருந்து ஒரு வாய் சோறு உள்ளே போகவில்லை. பொறுமை போய்விட்டது. “ஏனுங்க, ஒரு கன்னு வாங்கோணும்னா தாய் மாட்டைப் பாக்காம வாங்குவீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

“அதெப்படிங்க? தாயைப் பாக்காம எவன் வாங்குவான்?” என்றவர், சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டு தலையைச் சொறிந்தார். உள்ளிருந்து அவர் சம்சாரத்தின் குரல் வந்தது. “எங்களையும் பாத்துப் பாத்துத் தானுங்க கட்டுனாங்க. கட்டிப்போட்டு அப்பறம் மறந்துபோட்டாங்க.” சொல்லிவிட்டு எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அந்த மோர்.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் என் சொந்த மரத்தை வரைந்தேன். ஊழியர்களின் குடும்பமும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முதலில் என் அப்பா. சதுரம் போட்டு உள்ளே கறுப்படித்தேன். அவருக்குச் சர்க்கரை முற்றி, கால் புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். முகாமுக்கு மூன்று வருஷம் முன்பு இறந்தார். அடுத்து அவர் கூடப் பிறந்த அத்தை. வட்டம். அது வெள்ளையாகவே இருந்தது. சர்க்கரை காட்டும் வயது வருவதற்குள் பாம்பு முந்திக்கொண்டது. அத்தைக்குக் கீழே ஒரு கோடு இழுத்தேன், அதன் முடிவில் ஒரு சதுரம் போட வேண்டும். போட்டேன். அது என் வீட்டுக்காரர்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

முகாமில் எனக்காக எழுதிக்கொண்ட ஃபாரத்தில் ஏழாவது கேள்விக்கு, ‘உண்டு. அப்பா. கால் எடுக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தேன். அவருடையதில் ‘இல்லை’. ஒரே நாள், ஒரே பேனா, ஒரே மனுஷன் இரண்டு பேருக்கும் சொந்தம். என் அப்பாவை நான் அவருக்கு மாமனார் என்று எண்ணிவிட்டேன். மாமனாருக்கும் மருமகனுக்கும் ரத்த உறவு ஏது? ஆனால் மாமனார் ஆவதற்கு இருபது வருஷம் முன்பே அவர் தாய்மாமன். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்த விஷயம் கைக்கு வந்து சேரவில்லை.

அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். சட்டை தோளில் தொங்கியது. பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. அன்று காலையிலிருந்து அதை நான் மூன்று தரம் நிரப்பி வைத்திருந்தேன். பேப்பரைத் தூரத்தில் பிடித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இடது கண்ணால் படித்தார். இளைத்தது பட்டறையில் ஓவர்டைம் பார்ப்பதால் என்று நினைத்திருந்தேன். நாள் பூரா அடுத்தவர் மூத்திரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் ஒருவர் எத்தனை தரம் எழுந்து போகிறார் என்று எண்ணத் தெம்பில்லை. இது சாக்கு என்று எனக்கே தெரியும்.

“கண்ணுல என்னங்க?”

“ரெண்டு மாசமா வலது கண்ணுல கருப்பா நூலு நூலா ஓடுது அம்மணி. பட்டறைத் தூசியா இருக்கும்னு உட்டுப்போட்டேன்.”

“வெர்னியர் எப்படிப் பாக்கறீங்க?”

அவர் பேப்பரை மடித்தார். “பக்கத்து லேத்துக்காரன் பாத்துச் சொல்றான்” என்றார்.

மறுநாள் காலை அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் நானே ரத்தம் எடுத்தேன். அந்த நரம்பு உடனே கிடைத்தது. வந்த எண்ணைப் பார்த்துவிட்டு மெஷின் கெட்டுவிட்டது என்று இன்னொரு தரம் வைத்தேன். அதே எண். பாத்ரூமில் போய் அழுதேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்தவர் கையில் ரப்பரைக் கட்டினேன்.

லேடி டாக்டரிடம் மட்டும் கேட்டேன். “அப்பாவுக்குப் பொறந்தவ நான். எனக்கு வரலை. அவருக்கு ஏன் வந்துச்சு?”

“அப்பாகிட்ட இருந்ததுல எந்தப் பாதி உங்களுக்கு வந்துச்சோ யாருக்குத் தெரியும்? உங்க அத்தைகிட்டயும் அதே வித்தியாசங்கள் இருந்து, உங்க வீட்டுக்காரருக்கு நிறைய இறங்கியிருக்கலாம். உங்களுக்கும் பின்னால வரலாம். அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வந்து மரம் வரைஞ்சிட்டிருக்கேன்?” என்றார். அவர் கண்ணும் களைத்துத்தான் இருந்தது. எங்கள் பெண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை. மரத்தில் அவளுடைய வட்டத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கோடு வந்து இறங்குவதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் வலது கண் உள்ளே ரத்தம் கசிந்து நாளாகிவிட்டது என்றார்கள். அதில் இனிமேல் பார்வையை எதிர்பார்க்க வேண்டாம், இடது கண்ணை லேசர் வைத்துக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள். அந்த இடது கண்ணுக்காக ஒரு காலை முழுவதும் நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சொட்டு மருந்து விட்டிருந்ததால் அவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்திருந்தார். என் கைப்பையில் அந்தப் பழைய முகாம் ஃபாரம் இருந்தது. கிளினிக் பீரோவிலிருந்து எடுத்து இரண்டு வாரமாக வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சாப்பிடட்டும் என்று விடுவேன். ஊசி போட்டு முடிக்கட்டும் என்று விடுவேன். எப்படிச் சொல்வது? உங்கள் கண்ணை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றா? நீங்களும் எல்லா ஆம்பளைகளையும் போல அம்மா வழியைக் கணக்கில் வைக்க மாட்டீர்கள், கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்று மனதுக்குள் அவர் மேலும் பாதிப் பழியைப் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பாதி எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஒரு சின்ன நர்ஸ் அட்டையில் செருகிய ஃபாரத்தோடு வந்து எங்கள் முன் நின்றாள். நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. “அவரே சொல்லட்டுங்க” என்றாள். பெயர் கேட்டாள். வயது, வேலை கேட்டாள். அவர் கண்ணைத் திறக்காமல் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

“குடும்பத்துல வேற யாருக்காவது சக்கரை இருக்குதுங்களா?”

“என்ற மாமனுக்கு இருந்துச்சுங்க” என்றார் அவர், ஒரு நொடிகூட யோசிக்காமல். “காலை எடுத்துப்போட்டாங்க. நான் தானுங்க தினம் கட்டு மாத்துவேன். எங்கம்மா சின்ன வயசுலயே போயிருச்சு. இருந்திருந்தா அதுக்கும் வந்திருக்குமுங்க. கூடப் பொறந்ததாச்சே.”

நர்ஸ் குனிந்து எழுதினாள். கோழிக் கிறுக்கல் எழுத்து. ஆனால் சரியாக எழுதினாள். அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

அந்தக் கட்டு மாற்றுகிற காட்சியை எத்தனையோ நாள் வாசலில் நின்று நானே பார்த்திருக்கிறேன். கைப்பையைத் திறந்தேன். அந்த ஃபாரத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார், மருந்தில் எழுத்து தெரியவில்லை. “என்ன இது?” என்றார்.

“பட்டறைக் கேம்ப்புல உங்களுக்கு எழுதுனது. குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னு எழுதிப்போட்டேன்.” அப்போதுகூட என் புத்தி சும்மா இருக்கவில்லை. “அன்னிக்கு நீங்க ஏனுங்க மாமனைச் சொல்லலை?” என்று கேட்டேன்.

அவர் அந்தத் தாளைத் தடவிப் பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை. அளவு சரியில்லாத ஒரு பொருளைப் பற்றிச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

“நீ கேக்கவே இல்லியே அம்மணி. நீயா எழுதிக்கிட்டே.”

உள்ளிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கையைப் பிடித்து எழுப்பினேன். கதவுவரை போனவர் நின்று, என் முகம் இருக்கும் திசையைத் தோராயமாகப் பார்த்துச் சொன்னார்.

“புள்ளைக்கு எழுதறப்பவாச்சும் கேட்டு எழுது.”